வார்னிஷ் பூசிய பல்

அந்த அருங்காட்சியகத்தில் எதையும் தொடக்கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் புலி நிற்கும், பெரிய சீசாவுக்குள் பாம்பு சுருண்டு கிடக்கும், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு அட்டை இருக்கும். ஒரே ஒரு மேசைக்கு மட்டும் அந்த அட்டை கிடையாது. கீழ்த்தளத்தில் ஜன்னல் ஓரமாக, பச்சைத் துணி விரித்த மேசை அது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அதன் மேல் பதினாறு சாமான்கள் இருக்கும். யானையின் கடைவாய்ப் பல், மிளா மானின் கொம்பு, முள்ளம்பன்றி முள், ஆமை ஓடு, பாம்புச் சட்டை என்று இப்படி. யார் வேண்டுமானாலும் தொடலாம், தூக்கலாம், முகர்ந்துகூடப் பார்க்கலாம்.

மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு. நல்லசிவம் சாருக்கு அந்த நாற்காலி வேண்டும்.

சாருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்துநாலு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சம்பளம் இல்லாத உதவியாளராகத் தானே வந்து சேர்ந்திருந்தார். காப்பாட்சியர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. ஒல்லியான உருவம், பாக்கெட் வைத்த காக்கி மேலங்கி, கேட்டதற்குப் பாதிதான் பதில். அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார். வெளியாள் பார்த்தால் யார் யாருக்குச் சீடர் என்று சட்டென்று பிடிபடாது. நல்லசிவம் சாருக்கே அது பிடிபட மூன்று மாதம் ஆயிற்று.

முதல் நாள் ஜெசிந்தா ஒரே ஒரு விதி சொன்னார்.

“கைக்குக் கை கொடுக்கக்கூடாது சார். நீங்க மேசையில வைங்க. அவங்க மேசையிலருந்து எடுக்கட்டும்.”

“விழுந்து உடைஞ்சிரும்னா?”

“அதுவும்தான்.”

‘அதுவும்தான்’ என்றால் வேறு என்ன என்று சார் கேட்கவில்லை. தெரிந்தவர் போலத் தலையாட்டினார். ஆசிரியர்களுக்கு அது கைவந்த கலை.

நாற்காலி அவருக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாரின் மனைவி வடிவுக்குச் சர்க்கரை. இரண்டு வருஷத்துக்குள் அது இரண்டு கண்ணையும் மங்கடித்துவிட்டது. வெளிச்சம் தெரியும், நிழல் அசைவது தெரியும், அவ்வளவுதான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வடிவு அழவில்லை. வாசற்படி தாண்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கோயிலுக்குப் போகவில்லை, கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை.

சார் தன்னால் ஆனதைச் செய்தார். அதாவது, பேசினார். காலையில் பேப்பர் வாசித்தார். சாயங்காலம் டிவியில் ஓடுவதை விளக்கினார். ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் அதைப் பற்றியும் ஒரு பாடம் எடுத்தார். எல்லாவற்றுக்கும் வடிவு “ம்” என்றாள். கல்யாணமான புதிதில் தெரு முழுக்கக் கேட்கப் பேசிய பெண், இப்போது நாள் முழுக்க ஒரு ‘ம்’மில் குடித்தனம் நடத்தினாள்.

இந்த மேசையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்கு உயிர் வந்தது. அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து, எதிரே வடிவை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லி, எல்லாவற்றையும் விளக்கிவிட்டால்?

“நான் மேசைக்கு வந்ததும் உன்னையக் கூட்டிட்டுப் போறேன் வடிவு.”

“ம்” என்றாள் வடிவு.

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்து, “உட்காருங்க சார்” என்றார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மாள் யானைப் பல்லை நோக்கிக் கையை நீட்டினார்.

“இது யானையோட கடைவாய்ப் பல்” என்று சார் ஆரம்பித்தார். “யானைக்கு ஒரு ஆயுசுல ஆறு தடவை பல் முளைக்கும். பின்னாலருந்து முன்னால நகர்ந்து வரும். மேல எனாமல், நடுவுல டென்டைன், இடையில சிமென்டம்...”

அந்த அம்மாளின் கை பாதி வழியில் நின்றது. பெரிய மனுஷர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே கையை விடுவது மரியாதை இல்லை அல்லவா? சிமென்டம் முடிந்து தாவர உண்ணிகளின் குடல் நீளத்துக்குச் சார் வருவதற்குள் அந்தக் கை புடவைத் தலைப்புக்குள் போய்விட்டது.

“புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது சார்” என்று சொல்லிவிட்டு அவர்கள் புலியைப் பார்க்கப் போனார்கள்.

ஒரு மணிக்கு ஜெசிந்தா சொன்னார், “அடுத்த வாரம் நான் உட்காருதேன் சார்.”

சாருக்கு முகம் சுண்டிவிட்டது. “என்ன தப்பாச் சொன்னேன் மேடம்?”

“ஒண்ணும் தப்பில்லையே. எல்லாம் சரிதான்.”

“அப்புறம்?”

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தார். “நாளைக்கு மதியச் சாப்பாடு கொண்டு வராதீங்க சார். உங்களுக்கும் சேர்த்து நான் கொண்டாறேன்.”

மறுநாள் ஒரு மணிக்கு இருவரும் பின் அறையில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா தூக்குச்சட்டியை நடுவில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை.

“புளியோதரை சார்” என்றார். “சைவம்தான், பயப்படாதீங்க. புளி எங்க அத்தை வீட்டு மரத்துப் புளி. ரெண்டு வருஷப் பழசு, கருகருன்னு இருக்கும். நல்லெண்ணெய் செக்குல ஆட்டினது. முதல்ல வெந்தயத்தை வெறும் சட்டியில வறுக்கணும். செவக்கணும், கருகிறக்கூடாது...”

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத பெண் அன்றைக்குப் பேசிய பேச்சு இருக்கிறதே! வெந்தயத்திலிருந்து பெருங்காயத்துக்குப் போனார். நிலக்கடலையை எப்போது போட வேண்டும், ஏன் போட வேண்டும் என்றார். சாருக்கு வாய் ஊறி, வயிறு இரைந்து, கை தானாகத் தூக்குச்சட்டியை நோக்கிப் போனது. ஜெசிந்தா நிறுத்தவே இல்லை. கை மரியாதையாகத் திரும்பி வந்தது.

சுவர்க்கடிகாரம் இரண்டு அடித்தது. ஜெசிந்தா எழுந்தார்.

“நல்லாப் புரிஞ்சுதா சார்?”

“புரிஞ்சுது மேடம்” என்றார் சார் பரிதாபமாக. ஜெசிந்தா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சார் பசியோடு வீட்டுக்கு வந்தார். தட்டில் சோறு விழுந்ததும் முதல் வேலையாக வடிவிடம் சொன்னார், “பாவம், நல்ல பொண்ணுதான். ஆனா சாப்பாட்டு நேரத்துல இப்படியா பேசும்? எதிராளி பசியோட இருக்கானேன்னு ஒரு நினைப்பு வேண்டாம்?”

வடிவு “ம்” என்றாள். இந்தத் தடவை அந்த ‘ம்’மில் லேசாகச் சிரிப்பு இருந்தது. சாருக்கு அது கேட்கவில்லை.

புளியோதரை போன வழியே பாடமும் போய்விட்டது. சார் தனக்குத் தெரிந்த வழியில் நல்ல பெயர் வாங்கப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் ஒரு எலும்புக்கூடு உண்டு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அதற்கு வார்னிஷ் அடித்து, பூஜையன்று மண்டையில் சந்தனப் பொட்டு வைப்பது சாரின் வழக்கம். ஊரில் இருக்கிற விலங்கியல் வாத்தியார்கள் எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள் என்பது அவர் எண்ணம். புரட்டாசி பிறந்திருந்தது. ஜெசிந்தா ஒரு கூட்டத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார். சார் கடையில் ஒரு டப்பா வார்னிஷும் பிரஷும் வாங்கி வந்து, பதினாறு சாமான்களில் மிகவும் அழுக்காகத் தெரிந்ததைக் கையில் எடுத்தார். யானைப் பல். இரண்டு பூச்சுப் பூசி, ஜன்னல் வெயிலில் காய வைத்தார். பல் நகைக்கடைச் சரக்கு மாதிரி மின்னியது.

ஜெசிந்தா திரும்பி வந்து பல்லின் மேல் விரலை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போய், ஓரிடத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது.

“எத்தனை கோட்டு சார்?”

“ரெண்டு மேடம். தொட்டுத் தொட்டுத் தேய்ஞ்சிரும்லா? அதான் ஒரு பாதுகாப்பு.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த முகத்தைப் பார்த்து அவருக்குக் குரல் இறங்கியது. “தப்புப் பண்ணிட்டேனா?”

“நம்மகிட்ட யானைப் பல் இது ஒண்ணுதான்.”

சாருக்கு விஷயம் புரிந்தது. தன்னை அனுப்பிவிடுவார்கள், நியாயம்தான். ஆனால் அவர் நினைத்தது தன்னைப் பற்றி இல்லை. இந்தக் கதவு மூடினால் வடிவு இனி எந்தக் கதவையும் தாண்டப் போவதில்லை என்று நினைத்தார்.

“நாளையிலருந்து வரவேண்டாம்னு சொல்லிருவீங்களா மேடம்?”

“நீங்க வரலேன்னா இதை யாரு எடுப்பா?”

ஜெசிந்தா ஒரு புட்டி ஸ்பிரிட்டும், கொஞ்சம் பஞ்சும், ஒரு கட்டு ஈர்க்குச்சியும் கொண்டு வந்து வைத்தார். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பல்லின் ஒரு மூலையில் மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். பஞ்சு மஞ்சளாயிற்று.

“அவசரப்படாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு வரப்பு.”

பல்லின் மேல்புறம் முழுக்கக் குறுக்கே வரப்பும் பள்ளமுமாக இருந்தது. சார் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு வரப்புகள்.

முதல் நாள் வேலை செய்துகொண்டே சார் அந்த வரப்புகளின் அறிவியல் பெயரையும் அது வந்த கதையையும் எடுத்துச் சொன்னார். ஜெசிந்தா இழுப்பறைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் கொஞ்சம் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு பள்ளத்தின் அடியில் வார்னிஷ் இறுகிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரல் நுனிக்குத்தான் தெரிந்தது. பேசினால் விரலுக்கு அது தட்டுப்படவில்லை. வாயை மூடினால் தட்டுப்பட்டது. என்ன மாயமோ!

ஐந்தாம் நாளிலிருந்து அவர் பேசவில்லை. பேசக்கூடாது என்று இல்லை, மறந்துபோயிற்று. பல்லின் ஒரு முனை உயரம், மறுமுனை தாழ்வு என்று கை சொல்லியது. ஒரு வரப்பின் விளிம்பு கூர்மை, அடுத்ததில் உளி பட்டுப் பெயர்ந்தது போல ஒரு சின்னப் பொளிசல். முப்பத்துநாலு வருஷம் கரும்பலகையில் அவர் வரைந்த யானைப் பல்லில் அந்தப் பொளிசல் இருந்ததே இல்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பேப்பரை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வடிவு மூக்கை உறிஞ்சினாள்.

“என்ன வாசம் இது? பத்து நாளா அடிக்கி.”

சார் திடுக்கிட்டார். வடிவு ஒரு கேள்வி கேட்டு எத்தனை மாதமாயிற்று! ஸ்பிரிட்டைப் பற்றி ஒரு முழுப் பாடமும் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கைகளையும் அவள் மடியில் வைத்தார்.

வடிவு தடவிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சொரசொரவென்றிருந்தது.

“எம்மா! அங்க போய் என்னதான் செய்யுதீங்க?”

“ஒரு பல்லு தேய்க்கேன்.”

“பல்லா? யாரு பல்லு?”

சொல்லிவிடத் துடித்தது வாய். சார் உதட்டைக் கடித்துக்கொண்டார். “நீ வந்து தொட்டுப் பாரேன்.”

வடிவு உரிந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாக நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆட்டோவுலதான் வருவேன், நடக்க மாட்டேன்” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பன்னிரண்டு வரப்பும் முடிந்திருந்தது. பல் மறுபடியும் பழைய அழுக்கு நிறத்தில், சொரசொரப்பாக, மங்கலாக இருந்தது. ஜெசிந்தா அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தலையை அசைத்து, நாற்காலியைச் சாரிடம் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வடிவு எதிரே உட்கார்ந்தாள். சார் பல்லை மேசையில் வைத்தார்.

“எங்க?”

“மேசையில இருக்கு.”

அவள் கை துணியின் மேல் தடவிக்கொண்டு போனது. ஆமை ஓட்டின் விளிம்பைத் தொட்டு, அது இல்லை என்று விட்டு, இடது பக்கமாகப் போனது. பல் வலது பக்கம் இருந்தது. ஒரு சாண் தூரம்தான். அந்தக் கையைப் பிடித்துப் பல்லின் மேல் வைத்துவிட எவ்வளவு நேரமாகும்? சார் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா ஜன்னல் கம்பியில் துடைத்த தூசியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். சார் தன் கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கை திரும்பியது. பல்லில் முட்டியது. நின்றது.

வடிவு முதலில் ஒரு விரலால் தொட்டாள். அப்புறம் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, “யப்பா, கனம்!” என்று கீழே வைத்தாள். மேல்புறத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினாள். மறுபடியும் தடவினாள். சாருக்கு இவ்வளவு நீளமான மௌனம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

“அம்மி மாதிரி இருக்கு” என்றாள் வடிவு.

சார் வாயைத் திறந்தார், மூடினார்.

“கொத்தி ரொம்ப நாள் ஆன அம்மி. இந்தா, இந்தப் பக்கம் நல்லாத் தேய்ஞ்சிருக்கு. அந்தப் பக்கம் அவ்வளவு இல்ல.” விரல் ஒரு வரப்பின் மேல் நின்றது. “வரப்பெல்லாம் குறுக்க ஓடுது பாருங்க. பக்கவாட்டுல இழுத்தா வரப்போட சேர்ந்து வழுக்கிட்டுப் போயிரும், ஒண்ணும் அரைபடாது. முன்னயும் பின்னயும் இழுத்தாத்தான் அரைபடும். குழவியை இழுக்கோம்லா, அப்படி.”

யானை மாட்டைப் போலத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மெல்லும் என்றுதான் சார் நினைத்திருந்தார். அப்படித்தான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார். பன்னிரண்டு நாள் இதே வரப்புகளைத் தேய்த்த கை அவருடையது. அந்தக் கைக்குத் துவையல் அரைத்துப் பழக்கமில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜெசிந்தா மெதுவாகத் தலையசைத்தார். ஆமாம், யானை முன்னும் பின்னுமாகத்தான் மெல்லும்.

வடிவு பல்லைத் தூக்கித் தன் கன்னத்தோடு வைத்துப் பார்த்தாள். அது அவள் தாடையிலிருந்து நெற்றி வரைக்கும் வந்தது.

“எம்மாடி! இது ஒத்தப் பல்லா? அப்ப வாயி எத்தாப் பெருசு! ஆனைதானே?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படியான சிரிப்பு. புலியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

சிரிப்புச் சத்தத்துக்கு நாலைந்து பேர் மேசைப் பக்கம் வந்தார்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒருவர், “அம்மா, நானும் பாக்கலாமா?” என்று கையை நீட்டினார்.

வடிவு பல்லை அவர் கையில் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தன் கைகளை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

“கண்ணை மூடிக்கிட்டுத் தேடி எடுங்க தம்பி” என்றாள். “எடுத்துட்டு, கையில என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடினார். ஹெல்மெட் தரையில் உருண்டது. தடவினார், எடுத்தார். சொன்னார். வடிவு “ம்... அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் பின்னால் நின்ற பெண் முன்னால் வந்தாள். அதற்குள் பாம்புச் சட்டையை எடுத்துத் தடவிக்கொண்டிருந்த வடிவு அதை மேசையில் வைத்தாள்.

ஒரு மணிக்கு மண்டபம் காலியாயிற்று. வடிவு ஆட்டோவுக்கு எழுந்தபோது ஜெசிந்தா அருகில் வந்தார்.

“அம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துருவீங்களா? சார் உட்கார்ந்திருக்கிற அந்த நாற்காலி இனி உங்களுக்கு.”

“எனக்கா?” என்றாள் வடிவு. தன் முகத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “ஆட்டோ வந்தா வாரேன்.”

சார் எழுந்து நின்றார். மூன்று மாதமாக ஆசைப்பட்ட நாற்காலியின் முதுகில் அவர் கை இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. வருத்தமா சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை. சந்தோஷம்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

“மேடம்” என்றார், “அப்ப நான்?”

ஜெசிந்தா மேசையின் மேலிருந்த மற்றதையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

“நீங்க தொட்டுப் பாக்காத சாமான் இன்னும் பதினஞ்சு இருக்கே சார். நீங்க வரிசையில நில்லுங்க.”